மூல நட்சத்திரமும் மொட்டை மாடித் தொலைநோக்கியும்

(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று வானத்தைப் பற்றி நான் பேசுவதாக நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு வானத்தில் என்ன வேலை?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வான சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவனல்லன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வாசகசாலைப் புத்தகங்களிலிருந்தும், மூன்று வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஒரு சிறு தொலைநோக்கியிலிருந்தும் என் வீட்டு மொட்டை மாடியில் தெரிந்துகொண்டதேயாகும். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே மாடிக்கு வந்து, சொன்னது சரியா தப்பா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகலாம். மேடையில் பேசுகிறவனுக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாடு வேறொன்றும் இருக்க முடியாது.

இந்தக் கூட்டத்தை அமாவாசையில் வைத்திருப்பதைப் பார்த்து, "நீங்களும் நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று இன்னொருவர் கேலி செய்தார். ஆம், பார்த்தோம். நிலவு இருந்தால் அதன் வெளிச்சத்தில் மங்கலான பொருள்கள் ஒன்றும் தெரியாது. அதற்காக நாள் பார்த்தோமே தவிர வேறெதற்குமல்ல.

நான் இந்தக் கருவியை வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகள் பி.காம். படித்து ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். பெண் பார்க்க மூன்று இடத்தார் வந்தார்கள். மூன்றும் நின்றுபோயின. குணத்திலோ, படிப்பிலோ, நகையிலோ குறையில்லை. பெண் மூல நட்சத்திரமாம். பெண் மூலம் நிர்மூலமாம். மாமனார் உயிருக்கு ஆகாதாம். மூன்றாவதாக வந்தவர் கடைத்தெருவில் "கம்ப்யூட்டர் ஜாதகம்" என்று போர்டு போட்டிருக்கிற இடத்திலிருந்து பன்னிரண்டு பக்கம் அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்து, "மனுஷன் சொன்னால் தப்பு வரலாம் ஐயா, இது கம்ப்யூட்டர் சொன்னது" என்று என் எதிரிலேயே சொன்னார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே வெட்கமாயிருக்கிறது. இருபது வருஷமாக ஜோசியப் புரட்டைப் பற்றி ஊரூராகப் பேசி வந்த நான், அக்காளைத் தனியே கூப்பிட்டு, "பிறந்த நேரத்தை மாற்றி வேறொரு ஜாதகம் எழுதிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். அக்காள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கேடா தம்பி மாற்றுவாய்? முன்னே தள்ளினால் கேட்டை. அது புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். பின்னே தள்ளினால் பூராடம். பூராடம் நூலாடாது, தாலியே நிற்காது என்பார்கள். இதற்கு மூலமே தேவலை" என்றாள்.

தோழர்களே! நன்றாக யோசித்துப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று நட்சத்திரம். மூன்றும் பெண்ணுக்கு ஆகாது! அப்படி அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்கு உண்டாயிற்று.

நட்சத்திரத்தில் பிறந்தது என்றால் என்ன? சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 27⅓ நாள் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் அந்தப் பக்கத்திலுள்ள நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். மைல் கல்லுக்குப் பெயர் வைப்பது போல, நாள் கணக்கு வைத்துக்கொள்ள அது நல்ல ஏற்பாடுதான். குழந்தை பிறந்த நேரத்தில் சந்திரன் மூலம் என்னும் பங்கின் பக்கம் போய்க்கொண்டிருந்தால் குழந்தை மூலம். அவ்வளவுதான் சங்கதி. உலகத்தில் இன்று 800 கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். அதில் 27-ல் ஒரு பங்கு என்றால் சுமார் 30 கோடிப் பேர் மூலத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள். பாதி பெண்கள். 15 கோடிப் பெண்களின் மாமனார்களும் அகாலமாகச் செத்தார்களா? அதுதான் போகட்டும், ஆண் மூலம் அரசாளும் என்கிறார்களே, மீதி 15 கோடி ஆண்களுக்கும் ராஜ்யம் எங்கேயிருக்கிறது? என் கடையில் காயில் சுற்றுகிற பையன் மூலந்தான். அவன் ஆளுவதற்கு நாலு பழைய பம்பு செட்டுதான் இருக்கிறது.

நிற்க, கருவிக்கு வருகிறேன். முன்பக்கம் 127 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குல அகலமுள்ள குழாய் அது. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு குழி ஆடி. இருட்டில் வாலிபர்களுடைய கண்மணியின் துவாரம் ஏழு மில்லிமீட்டர் அளவு திறக்கும். இந்தக் குழாயின் வாயை அதனோடு பரப்பில் ஒப்பிட்டால் சுமார் 330 மடங்கு. அதாவது 330 கண்கள் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்தால் எவ்வளவு வெளிச்சம் சேருமோ அவ்வளவையும் இது ஒரு கண்ணுக்குள் கொண்டுவந்து விடுகிறது. தொலைநோக்கி என்றால் பெரிதாக்கிக் காட்டுவது என்று நினைக்கிறோம். கிரகங்களுக்கு அது சரி. ஆனால் நட்சத்திரக் கூட்டங்களையும், வாயு மேகங்களையும், நம் மண்டலத்துக்கு வெளியேயுள்ள வேறு நட்சத்திர மண்டலங்களையும் பார்க்கப் பெரிதாக்குவதைவிட வெளிச்சத்தைச் சேர்ப்பதுதான் முக்கியம். அவை சிறியவையல்ல, மங்கலானவை.

குழாய்க்கு அடியில் இரண்டு சிறு மோட்டார்களும், கையில் பிடிக்கிற பொத்தான் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கின்றன. தேதி, நேரம், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் கொடுத்துக் குழாயை மட்டமாக வடக்கு நோக்கி வைத்துவிட்டால், கேட்ட நட்சத்திரத்துக்கு அதுவே திரும்பும். பூமி சுழலுகிற வேகத்துக்குத் தக்கபடி அதையே பின்தொடர்ந்தும் செல்லும்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் கேட்டை நட்சத்திரத்தைக் காட்டும்படி பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமிற்று. குழாய் திரும்பிற்று. தென்கிழக்கில் இருக்க வேண்டிய கேட்டையைத் தென்மேற்கே, பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் தேடிற்று. ஏமாந்து போனோமே என்று வயிறு எரிந்தது. நான் மோட்டார்க்காரனல்லவா, அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்க்கவே ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டேன். நல்ல வேளையாக அக்காள் மகள் அதனுடன் வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, இதில் மாதத்தை முதலில் போட வேண்டும், நாளைப் பிறகு போட வேண்டும்" என்றாள். நான் ஜூன் 10 என்பதை நம் வழக்கப்படி 10, 6 என்று போட்டிருந்தேன். அது அக்டோபர் 6 என்று எடுத்துக்கொண்டு, அக்டோபரில் எட்டு மணிக்குக் கேட்டை எங்கே இருக்குமோ அந்த இடத்தைச் சரியாகவே காட்டியிருக்கிறது!

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நாம் சொன்னதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டது. அதற்கு வானம் தெரியாது. அதனால்தான் அந்தக் கருவியைச் செய்தவர்கள் அதில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஆரம்பத்தில் இரண்டு மூன்று நட்சத்திரங்களுக்கு அது திரும்ப வேண்டும். நாம் உள்ளே பார்த்து, நட்சத்திரம் நடுவில் இல்லாவிட்டால் பொத்தானால் நகர்த்தி நடுவில் கொண்டுவந்து, "இதோ, இங்கேதான் இருக்கிறது" என்று காட்ட வேண்டும். தன் கணக்குக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது தெரிந்துகொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்புறந்தான் மங்கலான பொருளைத் தேட அதற்கு யோக்கியதை வருகிறது.

கடைத்தெருக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரன் அன்று எந்தப் பங்கில் இருந்தான் என்கிற கணக்கை அது சரியாகவே போடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வரியில் மாமனார் சாவார் என்று அச்சடிக்கிறதே, அது எந்தக் கணக்கு? யாரோ எழுதி உள்ளே போட்ட வாக்கியத்தை அது வெளியே தள்ளுகிறது. "இன்னார் மாமனார் உயிரோடுதான் இருக்கிறார், திருத்திக்கொள்" என்று சொல்ல அதில் ஒரு பொத்தான் இருக்கிறதா? இருந்தால் அந்த வியாபாரம் ஒரு வாரமாவது நடக்குமா?

இடத்தைக் கணக்கிடுகிற விஷயத்திலாவது பஞ்சாங்கக்காரர்களுக்குள் ஒற்றுமை உண்டா என்றால் அதுவுமில்லை. சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச்சில் என்றது திருக்கணிதம். 2026 மார்ச்சில்தான் என்றது வாக்கியம். ஆகாயத்தில் சனி ஒன்றுதான். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவரும், 1867-ல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர், பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் பார்ப்பதோடு ஒத்திருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடினார். அவர் நம்மவர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆனாலும் குழாயில் கண்ணை வைத்துப் பழகியவர் வேறு மாதிரி பேச முடியாது.

இனி, அந்த மூன்று பொல்லாத நட்சத்திரங்களின் பக்கம் போவோம்.

கேட்டை என்பது விருச்சிகத்தின், அதாவது தேளின், நெஞ்சிலுள்ள சிவப்பு நட்சத்திரம். சுமார் 550 ஒளியாண்டு தூரம். ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு வருஷம் ஓடுகிற தூரம் ஒரு ஒளியாண்டு. கேட்டைக்குச் சற்று மேற்கே குழாயைத் திருப்பினால் புகை உருண்டை மாதிரி ஒன்று தெரியும். கண் பழகினால் உருண்டையின் குறுக்கே நட்சத்திரங்கள் ஒரு கோடாக நிற்பது தட்டுப்படும். பிரெஞ்சுக்காரரான மெஸ்ஸியே என்பவர் 18-வது நூற்றாண்டில் தொகுத்த ஜாபிதாவில் அது நாலாம் நம்பர். பக்கத்தில் நிற்பது போலத் தெரிந்தாலும் அது சுமார் 6,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற, லட்சத்துக்கும் குறையாத நட்சத்திரங்களின் கூட்டம்.

தேளின் வால் கொடுக்குத்தான் மூலம். அந்தக் கொடுக்குக்குக் கிழக்கே இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள்: ஆறாம் நம்பரும், ஏழாம் நம்பரும். ஆறாவது என் குழாயில் நன்றாக அடங்கும். பட்டாம்பூச்சி மாதிரி என்பார்கள். நீலமும் வெள்ளையுமான நட்சத்திரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறமாயிருக்கும். ஏழாவது என் குழாயில் முழுவதும் அடங்குவதில்லை. பூர்ண சந்திரனைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அகலம். அதற்குச் சாதாரண பைனாகுலர்தான் ஏற்றது. இருட்டான கிராமத்திலிருந்து வெறுங்கண்ணுக்கே வெண்திட்டாகத் தெரியும். தூரம் சுமார் 1,000 ஒளியாண்டு. அதாவது இன்று இரவு நீங்கள் பார்க்கப்போகிற வெளிச்சம், சோழ ராஜாக்கள் ஆண்டபோது அங்கிருந்து புறப்பட்டது. என் அக்காள் மகள் பிறந்த அன்று புறப்பட்ட வெளிச்சம் இன்னும் பாதித் தூரத்தில் பாதி கூட வரவில்லை. அது வந்து சேர்ந்து யாருடைய மாமனாரைக் கொல்லப்போகிறது?

அதற்கடுத்த பூராடத்துப் பக்கம் எட்டாம் நம்பர். இது நட்சத்திரங்கள் புதிதாகப் பிறக்கிற வாயு மேகம். இந்த இடத்தில் நான் இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் தடவை தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "ரோஜா நிறத்தில் ஒரு பெரிய மேகத்தைப் பார்க்கப் போகிறீர்கள்" என்று சொல்லிவிட்டேன். புத்தகத்துப் படத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு பெரியவர் வெகு நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சாம்பல் நிறத்தில் ஏதோ புகை மாதிரி இருக்கிறது தம்பி. ரோஜா எங்கே?" என்றார். "நன்றாகக் கூர்ந்து பாருங்கள், தெரியும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நிமிஷமே உள்ளுக்குள் சுரீர் என்றது. பக்தியிருந்தால் தெரியும் என்று பூசாரி சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குந்தான் ரோஜா நிறம் தெரியவில்லை! படத்தில் பார்த்ததைக் கண்ணால் பார்த்ததாக அளந்துவிட்டேன். "ஐயா, எனக்கும் சாம்பலாகத்தான் தெரிகிறது, நான் சொன்னது தப்பு" என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

பிறகுதான் ஏன் என்று தேடிப் படித்தேன். நம் கண்ணுக்குள் இரண்டு விதமான உணர்வு உறுப்புகள் இருக்கின்றன. நிறம் காண்கிறவை நல்ல வெளிச்சத்தில்தான் வேலை செய்யும். மங்கலில் வேலை செய்கிறவற்றுக்கு நிறம் தெரியாது. அவை கண்ணின் நடுவில் இல்லாமல் சுற்றிலும் இருப்பதால், மங்கலான பொருளை நேரே பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி ஆகும். ஒரு தடவை செல்போனைத் திறந்தால் அந்த அரை மணியும் போயிற்று. படமெடுக்கும் கருவியோ நிமிஷக் கணக்கில், மணிக் கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டேயிருக்கும். ஆகையால் அதற்கு ரோஜா நிறம் அகப்படுகிறது. படமும் பொய்யல்ல, பெரியவர் கண்ணும் பொய்யல்ல. நான் சொன்னதுதான் பொய்.

இப்போது கண்வைக்கிற துவாரமே இல்லாத தொலைநோக்கிகளும் வந்துவிட்டன. பத்துப் பத்து விநாடிப் படங்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறத்தோடு செல்போனில் காட்டும். தெருவிளக்குகள் நெருங்கிய பட்டணத்தில் அது மிகவும் உபயோகம். அதுவும் ஒரு வித்தைதானே என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். அல்ல. அடுக்கிய படங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கலாம். அதே இடத்தை வேறொருவர் வேறு கருவியால் எடுத்து ஒத்துப் பார்க்கலாம். ஆனாலும் 1,000 வருஷம் நடந்து வந்த ஒளி நேரே நம் கண்ணில் விழுவதில் எனக்கு ஒரு பிடிவாதமான ஆசை இருக்கிறது. அதற்கு நியாயம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஆக, இந்த மூன்று நட்சத்திரப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? கூட்டத்துக்கு மேல் கூட்டம், மேகத்துக்கு மேல் மேகம். இவ்வளவு நெருக்கம் வானத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் இருக்கிறது. சூரியனும் நாமும் சேர்ந்த நட்சத்திர மண்டலத்தின் நடு அந்தத் திசையில்தான், மூலத்திலிருந்து அதிக தூரமில்லாமல், இருக்கிறது. 1918-ல் ஷாப்லி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கேட்டையருகே இருப்பது போன்ற உருண்டைக் கூட்டங்கள் எந்தப் பக்கம் அதிகமாயிருக்கின்றன என்று எண்ணி, தூரம் கணக்கிட்டு இதைக் கண்டறிந்தார். நடு சுமார் 26,000 ஒளியாண்டு தூரம் என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஒருவர், "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் ஞானதிருஷ்டியால் அறிந்துதானே மூலம் என்று பெயர் வைத்தார்கள்?" என்று ஆரம்பித்தார். அப்படியே இருக்கட்டும் ஐயா! அவ்வளவு பெரிய விஷயத்தை அறிந்தவர்கள், அதை ஓரிடத்திலும் விளக்காமல், ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதற்கு மட்டும் உபயோகித்துக்கொண்டார்களா?

என் அக்காள் மகள் முதன்முதலாக அந்தப் பட்டாம்பூச்சிக் கூட்டத்தைப் பார்த்தபோது, வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "மாமா, இதில் என் நட்சத்திரம் எது?" என்று கேட்டாள். "இதில் எதுவும் உன்னுடையதல்ல அம்மா. நீ பிறந்த அன்று நிலா இந்த வழியாகப் போயிற்று, அவ்வளவுதான்" என்றேன். "நிலா எவ்வளவு தூரம்?" என்றாள். நாலு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்றேன். கணக்கு எழுதுகிறவளல்லவா? நிலாவின் தூரத்தை ஒளி எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று மனக்கணக்குப் போட்டு, "ஒன்றேகால் விநாடி. அது 1,000 வருஷம். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லையே!" என்றாள். அவள் அம்மா மாடிப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறு வாரம் பரிகாரத்துக்காக எடுத்து வைத்திருந்த பணத்தைத் திருப்பி பாங்கியில் போட்டுவிட்டாள். கல்யாணம் இன்னும் நிச்சயமாகவில்லை. ஜாதகம் கேட்கிற இடத்துக்குப் பேச்சே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இன்றிரவு கருவியை ஓட்டப்போவது அவள்தான். தேதியையும் அவளே போடுவாள். தேளின் வால் தென்னைமரத்துக்கு மேலே வரப் பத்து மணிக்கு மேலாகும். அதுவரையில் தெற்கே இருக்கிற ஒமேகா செண்டாரி என்னும் பெரிய உருண்டைக் கூட்டத்தைப் பார்க்கலாம். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரம். அதை வெறும் நட்சத்திரம் என்றே எண்ணியிருந்தார்கள். 1677-ல் ஹாலி என்பவர் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துத்தான் அப்படியல்ல என்று கண்டார். மேலே சொன்ன மெஸ்ஸியேயின் ஜாபிதாவில் அது இல்லை. பாரீஸ் பட்டணத்துக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. நமக்கோ முப்பது டிகிரிக்கு மேல் ஏறுகிறது.

மாடிப்படி குறுகல். குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் விடுங்கள். கைவிளக்கில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம், வேறு விளக்கு வேண்டாம். குழாயைக் கையால் பிடிக்காதீர்கள். அசைந்துவிட்டால் மறுபடி மூன்று நட்சத்திரத்தைக் காட்டி அதற்குப் புத்தி சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.